புத்தகங்களுக்குப் பதினான்கு நாள்

மனிதர்களுக்கு என்னென்ன சட்டம் போட்டார்களோ அத்தனையையும் சந்திரவல்லி புத்தகங்களுக்கும் போட்டாள். வெளியே போய்த் திரும்பிய புத்தகம் நேரே அலமாரிக்கு வரக் கூடாது. தனி அறையில் பதினான்கு நாள் கிடக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது, புரட்டக் கூடாது. கேரளாவிலிருந்து வந்தவர்கள் வீட்டு வாசலில் ஒட்டுவார்களே ஒரு நோட்டீசு, அதே மாதிரி ஒரு தாளை எழுதி அறைக் கதவில் ஒட்டினாள். 'தனிமைப்படுத்தப்பட்ட புத்தகங்கள். உள்ளே வராதீர்கள்.' ஊரே பார்த்துச் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு பூட்டும் வாங்கிப் போட்டாள்.

போடியிலிருந்து மலையேறுகிற ரோட்டில், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிற சுனைப்பட்டியில், அவள்தான் ஊர்ப்புற நூலகர். நூலகர் என்றால் கூட்டுவது, பெருக்குவது, குடம் தூக்கித் தண்ணீர் வைப்பது எல்லாமும் அவள்தான். ஒரு கூடம், பழைய பேப்பர் போட்டுவைக்க ஒரு சின்ன அறை, நாலாயிரம் புத்தகம். பதினைந்து வருஷமாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவளை இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம், கொரோனா இரண்டாவது அலை வந்தபோது, கதவைச் சாத்திவிட்டு வீட்டில் இரு என்றார்கள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் பேப்பரைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்சப்பில் போட்டாள். அரசுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வினாத்தாள்களை அனுப்பினாள். வாசலில் ஒரு மேசையைக் குறுக்கே போட்டு, போனில் கேட்கிறவர்களுக்குப் புத்தகத்தைச் சாக்குப்பையில் கட்டி வைத்தாள். இதெல்லாம் எல்லா ஊரிலும் யாராவது செய்ததுதான். ஆனால் புத்தகத்தை மலைக்கு ஏற்றிவிட்டது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மேலே வெள்ளைப்பாறை என்று ஓர் ஏலத்தோட்டம். அங்கே லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளில், நாற்பது குடும்பம் இருந்தது. ஊரடங்கு போட்டதிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏற விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம். அங்கே போனில் ஒரு கோடு சிக்னல்கூடக் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்து ஜீப்பு மட்டும் காலையில் இறங்கி, அரிசி பருப்பு லோடு ஏற்றிக்கொண்டு மத்தியானம் மேலே போகும். அதை ஓட்டுகிறவன் அருள்பாண்டி, சுனைப்பட்டிப் பையன்தான். அவனிடம் சொல்லி அரிசி மூட்டைக்கு நடுவே பன்னிரண்டு புத்தகத்தைக் கட்டி அனுப்பினாள் சந்திரவல்லி. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பன்னிரண்டும் இறங்கும், வேறு பன்னிரண்டு ஏறும். 'வாரந்தோறும் மலையேறும் பன்னிரண்டு புத்தகங்கள்' என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் அவள் படத்தோடு நாலு பத்தி வந்தது. அந்தத் துண்டை வெட்டி வாட்சப்பில் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டுமே. பதினைந்து வருஷத்தில் அவளை யாரும் படம் எடுத்ததில்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று எப்போதும் முனீஸ்வரிக்கு. முனீஸ்வரி சுனைப்பட்டியில் பிறந்தவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் காசிமாயனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன். இவள் காய் எடுக்கிறவள். சாயங்காலமானால் லயத்துப் பெண்களை உட்கார வைத்து இவள்தான் வாசித்துக் காட்டுவாள். திருப்பி அனுப்புகிற புத்தகத்தின் பின்னட்டையில், தேதிச் சீட்டு செருகுகிற காகிதப் பையில், அடுத்து என்ன வேண்டும் என்று ஒரு துண்டு எழுதி வைப்பாள். ஒரு முறை, 'அக்கா, நீங்க அனுப்புன கதையில் கடைசி நாலு பக்கத்தை எவனோ கிழிச்சிருக்கான். அந்தப் பிள்ளை செத்தாளா பொழைச்சாளா? இங்க ஒருத்திக்கும் தூக்கமில்லை' என்று எழுதியிருந்தாள். சந்திரவல்லி அந்தக் கதையின் முடிவை ஞாபகத்திலிருந்து ஒரு முழுத்தாளில் எழுதி அன்று மத்தியானமே அனுப்பினாள். என்ன கேட்டாலும் அன்றைக்கே பதில் வரும். முனீஸ்வரி இதை லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மே மாதக் கடைசியில் ராக்கையா செத்துப்போனார். அவர் தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர். நூலகத்தை மூடின பிறகும் வாசலில் வந்து நின்று, "பேப்பர மட்டும் வெளிய நீட்டு ஆத்தா, படிச்சிட்டுத் தந்துர்றேன்" என்பார். இவளும் நீட்டினாள். அவருக்குக் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து பாலித்தீன் பையில் சுற்றி நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். லைப்ரரிப் பேப்பரைத் தொட்டுத்தான் வந்தது என்று அவர் மகன் தெருவில் நின்று கத்தினான். அது எங்கே தொட்டு வந்ததோ, யாருக்குத் தெரியும். ஆனால் சந்திரவல்லிக்கு அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது.

திரும்பி வந்த புத்தகத்தை மூன்று நாள் தனியே வைத்தால் போதும் என்றுதான் மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை சொன்னது. மனிதனுக்கே பதினான்கு நாள் என்கிறபோது புத்தகத்துக்கு மட்டும் ஏன் மூன்று என்று அவளுக்குத் தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. பதினான்கு என்று அவளே போட்டாள். கூடவே இன்னொரு விதியும் போட்டாள். இனிமேல் புத்தகத்துக்குள் யாரும் சீட்டு வைக்கக் கூடாது. வேண்டியதைத் தனித் தாளில் எழுதி அருள்பாண்டி கையில் கொடுக்க வேண்டும். அவன் இறங்குகிற வழியில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவான். அவன் வந்து சேர்வதற்குள் இவள் புத்தகக் கட்டை ரெடியாக வைத்துவிடுவாள். தாளும் தொட வேண்டாம், புத்தகமும் தொட வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். அதைப் பாராட்டி மாவட்டத்திலிருந்துகூட ஒருவர் போனில் பேசினார்.

ஜூன் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. நான்காம் தேதி வந்த புத்தகங்களுக்கு அன்றோடு பதினான்கு நாள் முடிந்தது. காலையில் பூட்டைத் திறந்து, கையுறை போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழாவது புத்தகத்தின் பின்னட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. விதியை மீறி எவளோ சீட்டு வைத்திருக்கிறாள் என்று முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. உருவிப் பிரித்தாள். முனீஸ்வரியின் கையெழுத்து.

'அக்கா, இந்தத் தடவை கதைப் புத்தகம் வேண்டாம். எங்க வீட்டுக்காரருக்கு எட்டு நாளாக் காய்ச்சல். ரெண்டு நாளா மூச்சு இழுக்குது. வெளியே சொல்லக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டார். சொன்னா லயத்தையே அடைச்சிருவாங்களாம், முதல் காய் எடுப்பு நின்னுபோகுமாம். எல்லாரும் எங்க வாயைப் பொத்துறாங்க. என்ன செய்யணும்னு போட்டிருக்கிற புத்தகம் எதுவா இருந்தாலும் அனுப்புங்க. டிரைவர் கையில் கொடுத்தா ஆபீசுக்குத் தெரிஞ்சிரும், அதான் உள்ளே வைக்கிறேன். நீங்க பார்த்துருவீங்க.'

சந்திரவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு நாள் காய்ச்சல், அதற்கு மேல் இந்தப் பதினான்கு நாள். தாளை மறுபடி படித்தாள். நீங்க பார்த்துருவீங்க என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. இவள் பார்க்கவில்லையே. பூட்டுப் போட்டு அல்லவா வைத்திருந்தாள்.

எழுந்து ஓடிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். ஜூன் நான்கு. அன்றைக்கு அருள்பாண்டி அனுப்பிய போட்டோவில் பதினோரு சீட்டுதான் இருந்தது. முனீஸ்வரி சீட்டு இல்லை. பன்னிரண்டு என்று பத்திரிகையிலேயே வந்துவிட்டதே, பதினொன்றாக எப்படி அனுப்புவது? அவளே ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். பதிவேட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: பன்னிரண்டு, வீட்டு மூலிகை மருத்துவம், முனீஸ்வரிக்கு. அந்த நாட்களில் ஊரில் எவரைப் பார்த்தாலும் கஷாயப் புத்தகம்தான் கேட்டார்கள். கைக்கு முதலில் கிடைத்தது அது. உறையின் மேல் 'முனீஸ்வரிக்கு' என்று எழுதிக் கட்டோடு சேர்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது.

அவசர எண்ணுக்குப் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"நோயாளி இப்ப எப்படி இருக்காரு? பக்கத்துல இருக்கீங்களாம்மா?"

"இல்லம்மா. அவுக மலையில இருக்காக. நான் கீழ இருக்கேன்."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"பாக்கல. ரெண்டு வாரத்துக்கு முந்தி எழுதுன சீட்டு இது."

அந்தப் பெண் தோட்டத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, தோட்டத்து ஜீப்பு ரோட்டில் ஆம்புலன்சு ஏறாது, மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள், உடனே வண்டி வரும் என்றாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. தோட்டத்து ஆபீசு லேண்ட்லைனுக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அருள்பாண்டி பத்தரை மணிக்கு வந்தான். இறக்கிவந்த புத்தகக் கட்டை வாசல் மேசையில் வைத்துவிட்டு எட்ட நின்றான்.

"அருளு, காசிமாயன் எப்படி இருக்கான்?"

அவன் முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்தான். "யாரு, முனீஸ்வரி வீட்டுக்காரரா? எனக்கென்னக்கா தெரியும். நான் லோடு இறக்கிட்டு ஷெட்டுக்குப் போயிருவேன்."

"நான் உங்கூட மேல வர்றேன்."

"அக்கா, மேனேஜரு வையுவாரு. வெளியாளு ஒருத்தரயும் ஏத்தக் கூடாதுன்னு…"

"முனீஸ்வரி உங்கையில தராம புஸ்தகத்துக்குள்ள சீட்டு வச்சிருந்தா. வண்டிய எடு. உசுரோட இருந்தான்னா இன்னிக்கே கீழ கொண்டாரணும். வெரசா எடு."

அவன் வண்டியை எடுத்தான். லோடு ஏற்றி, மலையடிவாரத்து முந்தலுக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லைப்ரரியா? அரிசிக்குப் பாஸ் இருக்கு, பருப்புக்குப் பாஸ் இருக்கு. லைப்ரரி எப்பம்மா அத்தியாவசியமாச்சு?" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான் போல, சிரித்துவிட்டு விட்டுவிட்டார். 

வண்டி வளைந்து வளைந்து ஏறியது. கீழே போடி வெயிலில் கிடந்தது. மேலே போகப் போக மேகம் ரோட்டில் இறங்கி, கண்ணாடியில் சாரல் தெறித்தது. அவள் மடியில் அவளுடைய பையும், அதற்குள் வீட்டிலிருந்து எடுத்த ஒரு போர்வையும், ஊரில் இரவல் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்னக் கருவியும் இருந்தன. இருபத்திரண்டு நாள் தாங்கியிருப்பானா? தாங்கினவர்கள் இருக்கிறார்கள். பேப்பரில் போட்டார்களே, ஒரு மாதம் கிடந்து எழுந்து வந்தவர்களைப் பற்றி. முப்பத்தெட்டு வயதுதான், மருந்து டப்பாவை முதுகில் சுமந்து பள்ளத்தில் ஏறி இறங்குகிற உடம்பு. இப்படி ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மெயின் ரோட்டைவிட்டுத் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் அருள்பாண்டி வண்டியை ஓரம் கட்டினான். எஞ்சினை நிறுத்தவில்லை.

"அக்கா, நீங்க போயிப் பிரயோசனம் இல்ல."

அவள் அவனைப் பார்க்கவில்லை. எதிரே கல்லும் சேறுமாகக் கிடந்த பாதையையே பார்த்தாள்.

"எப்ப?"

"போன வாரம் வியாழக்கிழம. பத்தாந்தேதி. அங்கயே தோட்டத்துக் கடேசில வச்சு எரிச்சிட்டாக. வயித்துவலின்னு சொல்லிக்கச் சொல்லியிருக்காரு மேனேஜரு."

"பதினொண்ணாந்தேதி நீ கீழ வந்தியே, அருளு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா எஞ்சோலி போயிரும்க்கா. ரெண்டு பிள்ளைக இருக்கு." அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டான். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வண்டியில தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேன்னு நெனச்சுக்கிர்றேன். வந்திருப்பேனா, இல்ல ஆபீசுல போய்ச் சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல. அவ எங்கையில தராததுலயும் தப்பில்ல." மூக்கை உறிஞ்சினான். "திருப்பட்டுமாக்கா?"

திருப்பச் சொல்லியிருக்கலாம். செத்தவனுக்கு விரலில் மாட்டிப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் மேலே ஒருத்தி இருக்கிறாள். பதில் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் வாயால் நாலு வசவு வாங்கிக்கொள்ளாமல் இறங்கிப்போனால் இனி எந்த முகத்தோடு அந்த மேசையில் உட்காருவது? காறித் துப்பட்டும். அதற்காகவாவது போக வேண்டும்.

"மேல போ" என்றாள் சந்திரவல்லி.

லயத்துக்கு முன்னால் ஜீப்பு நின்றபோது மழை விட்டிருந்தது. ஏலச்செடிகளின் இலைகளிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசல் பூராவும் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகக் கிடந்தது. பெண்கள் சிலர் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள், ஒருவரும் வெளியே வரவில்லை. கடைசி வீட்டு வாசலில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம் இல்லை. கழுத்து வெறுமையாக இருந்தது. இவளைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"அக்கா! நீங்களா வந்தீக? இம்புட்டுத் தூரம்… கிட்ட வராதீக. அங்கனயே நில்லுங்க. எனக்கு இருக்கோ என்னமோ, தெரியல."

சந்திரவல்லி ஆறடி தள்ளிக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். பேச வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. முனீஸ்வரியே பேசினாள்.

"அழுகாதீக. நீங்க செஞ்சத ஊருல ஒருத்தர் செய்யல. காலையில சீட்டு வச்சேன், மத்தியானம் புஸ்தகம் வந்து நிக்குது. எம்பேரு எழுதி. அன்னிக்கு இவளுகள்லாம் ஆச்சரியப்பட்டுப் போனாளுக. பாத்தியா, எங்கக்கா கைவிடாதுன்னு சொன்னேன்."

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் பையில் போட்டு, அழுக்குப் படாமல் வைத்திருந்தாள். பக்கங்களுக்கு நடுவே விளக்குமாற்றுக் குச்சிகளை அடையாளம் வைத்திருந்தாள்.

சந்திரவல்லி கல்லில் கையை ஊன்றிக்கொண்டாள். திட்டு வாங்க வந்த இடத்தில் இவள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாளே.

"எழுத்துக்கு எழுத்து செஞ்சேன்க்கா. நொச்சி ஆவி மூணு வேள. கஷாயம் ரெண்டு வேள. வெத்தல இல்லன்னு பக்கத்துல இருக்கிற பரமசிவம் தோட்டத்துக்கு நானே நடந்துபோய்ப் பறிச்சாந்தேன். பதினோரு நாள்ல சளி அறுத்துக்கிட்டுப் போகும்னு போட்டிருந்துச்சு. நாலா நாளு அவருக்கே பயம் வந்துருச்சு. என்னைய எப்படியாச்சும் போடிக்குக் கொண்டுபோயிரு புள்ள, லயத்த அடச்சா அடைக்கட்டும்னாரு. பக்கத்து வீட்டுப் பால்சாமி அண்ணன், இன்னும் மூணு ஆம்பளைக, நாற்காலில வச்சுக் கட்டி ரோடு வரைக்கும் தூக்கிர்றோம்னு வந்து நின்னாக. மேனேஜரு என்ன சொன்னாலும் பாத்துக்குவோம்னாக."

அவள் பையின் மடிப்பை நீவிவிட்டாள்.

"நாந்தான் வேணாம்னேன். பாதியில விடக் கூடாது, லைப்ரரி அக்கா பாத்துத்தான் அனுப்பியிருக்கு, பதினோரு நாளும் பாத்துருவோம்னு சொன்னேன். அவரும் சரின்னு படுத்துக்கிட்டாரு. எஞ்சொல்ல என்னிக்குந் தட்ட மாட்டாரு. ஆறா நாளு விடியக்கால முடிஞ்சுபோச்சு."

லயத்தில் எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது. யாரோ அதை அதட்டினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. ராப்பகலா அதான் ஓடுது." முனீஸ்வரி புத்தகத்தை விரித்துக் குச்சி வைத்த பக்கத்தைக் காட்டினாள், அவ்வளவு தூரத்திலிருந்து இவளால் படிக்க முடியும் என்பது போல. "கஷாயத்துக்கு எட்டுக்கு ஒண்ணா சுண்டவைக்கணும்னு போட்டிருக்கு. நானு அப்படித்தான் வச்சேன். பத்தாவதுதான படிச்சிருக்கேன், எங்கயாச்சும் தப்பாப் படிச்சுட்டனாக்கா? நீங்க அனுப்புனது சரிதான், நான் செஞ்சதுலதான் கோளாறா?"

சந்திரவல்லிக்கு இரண்டு வழி இருந்தது. நீ சரியாகத்தான் படித்தாய், அவன் விதி அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அல்லது உள்ளதைச் சொல்லலாம். முதலாவதைச் சொன்னால் இந்தப் பெண் ஆயுசுக்கும் அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு எங்கே தப்பு எங்கே தப்பு என்று தேடிக்கொண்டே இருப்பாள். இவள் படித்ததில் தப்பே இல்லை, தப்பு என்னுடையது. அந்தப் பாரத்தை நான் வாங்கிக்கொண்டால் இவளாவது தூங்குவாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்வதுதான் இவளுக்குச் செய்கிற உபகாரம் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நம்பினாள்.

"நீ தப்பாப் படிக்கல, முனீசு. உஞ்சீட்ட நான் பாக்கவே இல்ல."

முனீஸ்வரி புரியாமல் பார்த்தாள்.

"வர்ற புஸ்தகத்தையெல்லாம் பதினாலு நாளு பூட்டி வச்சிர்றேன். நோய் ஒட்டிருக்கும்னு பயந்து. உஞ்சீட்டும் உள்ளயே கிடந்துச்சு. இன்னிக்குக் காலையிலதான் எடுத்தேன். எடுத்ததும் ஓடியாறேன்."

"புஸ்தகம் வந்துச்சே. அன்னிக்கே வந்துச்சே. எம்பேரு எழுதியிருந்துச்சே."

"உஞ்சீட்டு வரலன்னு நானா ஒண்ண எடுத்து வச்சேன். பன்னெண்டு கணக்குக்கு ஒண்ணு கொறஞ்சுச்சு. கையில எது கெடச்சுதோ அத வச்சேன். அவருக்குன்னு அனுப்பல. பாத்திருந்தா புஸ்தகமா அனுப்பியிருப்பேன்? வண்டியத்தான அனுப்பியிருப்பேன். எந்தப்பு முனீசு, எல்லாம் எந்தப்பு. உம்மேல ஒண்ணுமில்ல."

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வசவு வரும், மண்ணை வாரி இறைப்பாள், புத்தகத்தை முகத்தில் வீசுவாள் என்று காத்திருந்தாள். முனீஸ்வரி அதில் ஒன்றும் செய்யவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டாள். மொத்தம் ஐந்து குச்சி. பிறகு சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்தாள்.

"போகணும்னு கேட்டாருக்கா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நாலு பேரு தூக்க வந்து நின்னாக. நான் தடுத்தேன். நீங்க சொன்னீகன்னுதான் தடுத்தேன்னு இருந்தேன். இப்ப நீங்க ஒண்ணுமே சொல்லலங்கிறீக."

"அப்படியில்ல முனீசு, நான்…"

"எட்டு நாளா அந்த ஒரு நெனப்புலதான் கஞ்சி குடிச்சேன். அவருக்கு ஒரு டாக்டர் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, ஆனா நானும் எங்கக்காவும் சேந்து பாத்தோம், எங்களால ஆனத செஞ்சோம்னு." அவள் எழுந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதச் சொல்லாமயே போயிருக்கலாம்லக்கா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அருள்பாண்டி ஷெட்டுப் பக்கமிருந்து வண்டியைத் திருப்பி எடுத்துவரும் வரைக்கும் சந்திரவல்லி அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்தடுத்த வீட்டுக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.